பதர் என்றொரு கப்பல்

தகவல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தை எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். நான் ஓய்வுபெற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தேடிக் கண்டுபிடித்தவற்றைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவையெல்லாம் கோப்புகளில் இருக்கின்றன, என் பாராட்டுக் கடிதங்களும் அங்கேதான் இருக்கும். கோப்பில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். இதை நான் அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உலகக் கப்பல்களைப் பற்றிய நம் தரவுத்தளத்தின் முன்னால் நான் முதன்முதலாக உட்கார்ந்த நாளில், ராயபுரம் அலுவலகத்தின் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் துறைமுக மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கப்பல் நின்றிருந்தது. துருப்பிடித்த, எவரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காத கப்பல். ஒவ்வொரு கப்பலுக்கும் பிறந்ததிலிருந்து உடைக்கப்படும்வரை மாறாத ஏழு இலக்க எண் ஒன்று உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு அன்றுதான் தெரிந்தது. கப்பலின் உடலில் எழுதியிருந்த அந்த எண்ணைத் தட்டினேன். கப்பல் திரையில் விரிந்தது. எந்தத் தளத்தில் கட்டினார்கள், எத்தனை பேர் வாங்கி விற்றார்கள், ஐந்து முறை எப்படிப் பெயர் மாறியது, எந்தக் கடலில் எஞ்சின் அறை தீப்பிடித்தது, எந்த மணல்திட்டில் பதினாறு நாள் சிக்கிக் கிடந்தது என்று எல்லாம் இருந்தன. நான் எழுந்து ஜன்னலுக்குப் போய் அந்தக் கப்பலை மறுபடி பார்த்தேன். நன்கு தெரிந்த ஒருவரின் முகத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது. கைகூப்பத் தோன்றியது. மிகையாகச் சொல்லவில்லை.

அந்தப் பிரமிப்பு இன்றும் எனக்குப் போகவில்லை. உங்களுக்கும் போகக் கூடாது. ஆனால் அது மெல்ல இடம் மாறும். இயந்திரத்தின் மேல் இருந்த பிரமிப்பு சில ஆண்டுகளில் என் மேலேயே எனக்கு வந்துவிட்டது. ஒருமுறை, கடலில் மிதந்த உயிர்காப்பு வளையம் ஒன்றின் புகைப்படத்தைக் கொடுத்தார்கள். பெயரில் பாதி எழுத்துகள் அழிந்திருந்தன. மதிய உணவுக்கு முன்னால் கப்பலைச் சொல்லிவிட்டேன். அதன்பிறகு மேலாளர் வெளியாட்களிடம் என்னை அறிமுகப்படுத்தும்போதெல்லாம், “இவர் தேடிக் கிடைக்கலைன்னா அது உலகத்துலயே இல்லைன்னு அர்த்தம்” என்பார். நான் புன்னகைத்துக்கொண்டு நிற்பேன். ஒருநாளும் மறுத்ததில்லை.

அப்படிப்பட்ட நாட்களில்தான் ஒரு காலையில் பிலோமினா வந்தார். நாற்பது வயது இருக்கும். காசிமேட்டில் இறால் உரிக்கும் வேலை என்றார். விரல் நுனிகள் வெந்தாற்போல் வெளுத்திருந்தன. காவலாளி எப்படி உள்ளே விட்டார் என்று எனக்கு எரிச்சல்.

“சார், இங்க ஒலகத்துல கீற எல்லாக் கப்பலும் தெரியுமாமே? கேட்ல சொன்னாங்க. எங்க வூட்டுக்காரு போன கப்பலு எங்க கீதுன்னு பாத்து சொல்லு சார்.”

மகளின் பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளை நீட்டினார். அதில் ஒரே சொல்தான் இருந்தது: பதர்.

“என்னம்மா இது, பதரா?”

“ஆமா சார், போன்ல அப்பிடித்தான் சொன்னாரு. மொதல்ல போன கப்பல்லேர்ந்து எறங்கி இதுல மாறிக்கினேன், சிமெண்டு ஏத்துற கப்பலுன்னாரு. அதோட சரி. ரெண்டு மாசமா போனே இல்ல. ஏஜெண்ட கேட்டா, நான் ஏத்தி வுட்ட கப்பல் வேற, இது எனக்குத் தெரியாதுன்றான். மாலுமிங்க சங்கத்துல கப்பலு நம்பர் கொண்டாந்தா எழுதிப் போடறோம்ன்றாங்க.”

அவர் கணவர் பெயர் லூர்து. கப்பல் எது என்று தெரிந்தால் அவரை மீட்கச் சொல்லி மனுக் கொடுக்கலாம், தெரியாவிட்டால் முடியாது. பிலோமினாவுக்கு என்னிடம் வேண்டியிருந்தது அந்த ஏழு இலக்கங்கள் மட்டும்தான்.

நான் சிரித்தேன். “பதர்னு யாராவது கப்பலுக்குப் பேர் வைப்பாங்களாம்மா? உள்ள மணியே இல்லாத நெல்லும்மா அது.”

“அது எனக்கு இன்னா சார் தெரியும்? நான் அரிசிதான் பாத்துக்கிறேன். நெல்ல எங்க பாத்தேன்?”

தமிழில் எழுதிய ஒரு பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றித் தேடுவது எவ்வளவு கவனமாகச் செய்யவேண்டிய வேலை என்பது எனக்குத் தெரியாததல்ல. நம் ‘ப’ ஒன்றே ஆங்கிலத்தில் மூன்று எழுத்துகளின் வேலையைச் செய்கிறது. ‘த’வும் அப்படித்தான். அதைப் பற்றி ஒரு பயிற்சி வகுப்பே எடுத்திருக்கிறேன். ஆனால் அன்று நான் எழுத்தை யோசிக்கவில்லை, அந்தப் பெண்ணை எடைபோட்டேன். கடலிலிருந்து இரைச்சலோடு வந்த குரல், காதில் விழுந்தபடி எழுதிய படிக்காத மனைவி. ஆங்கிலத்தில் இறகைக் குறிக்கும் ‘ஃபெதர்’ என்ற சொல்தான் இப்படிப் ‘பதர்’ ஆகியிருக்கும் என்று முடிவுகட்டினேன். இறகு என்று கப்பலுக்குப் பெயர் வைப்பார்கள். பதர் என்று வைக்கமாட்டார்கள். என் தர்க்கம் அவ்வளவுதான்.

‘ஃபெதர்’ தேடினேன். ஓர் உல்லாசப் படகு வந்தது. ‘ஃபாதர்’ தேடினேன். எப்போதோ உடைக்கப்பட்ட ஒன்று. ‘பேந்தர்’கூடத் தேடினேன், சிறுத்தையாக இருக்கலாம் என்று. வேறு ஏதோ கடலில் ஓர் இழுவைப் படகு. நான்கு நிமிடம். பத்தரை மணிக்கு எனக்கு ஒரு கூட்டம் இருந்தது.

“அப்படி ஒரு கப்பலே இல்லைம்மா.”

“நல்லா பாரு சார்.”

“உலகத்துல ஓடுற எல்லாக் கப்பலும் இதுல இருக்கு. இதுல இல்லைன்னா இல்லைதான்.”

அவர் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, “அப்டின்னா எழுதிக் குடு சார். சங்கத்துல காட்டணும்” என்றார். இரக்கப்பட்டு உதவுவதாக நினைத்துக்கொண்டு, அலுவலகப் பெயர் அச்சிட்ட தாளில், ‘மேற்கண்ட பெயரில் கப்பல் எதுவும் இல்லை’ என்று தட்டச்சு செய்து, கையெழுத்திட்டு, முத்திரையும் வைத்துக் கொடுத்தேன். அவர் எழுத்துக்கூட்டி இரண்டுமுறை படித்தார்.

“அப்போ பொய் சொல்லிக்கிறாரு” என்றார். அதை என்னிடம் சொல்லவில்லை.

இனி எழுதப்போவதுதான் எனக்கு மிகவும் வெட்கம் தருவது. நான் அந்தப் பெண்ணை மறந்துவிடவில்லை. மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவரை ஒரு நகைச்சுவைக் கதையாக்கி வைத்துக்கொண்டேன். ‘பதர் என்றொரு கப்பலைத் தேடி வந்த அம்மாள்’ என்று தேநீர் நேரத்தில் நடித்துக் காட்டுவேன். “நான் அரிசிதான் பாத்துக்கிறேன்” என்ற இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். ஏழு மாதங்கள் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அந்தச் சிரிப்புக்கு நடுவில் காதர் பாய் இருந்தார். வண்ணாரப்பேட்டைக்காரர். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் ஏற்றித் தருபவர். ஒரு வழக்கு விஷயமாக வந்திருந்தார். எல்லோரும் சிரித்தார்கள், அவர் மட்டும் சிரிக்கவில்லை.

“அந்தப் பேர எழுதிக் காட்டு சார்.”

எழுதினேன்.

“இன்னா சார் நீ. இது பதர் இல்ல. பத்ரு. நெறஞ்ச நெலா சார், பவுர்ணமி நெலா. அரபில அதான் பேரு. பதுருதீன்னு எங்க தெருவுல மட்டும் நாலு பேரு கீறானுங்க. அதுல ஒருத்தன் உன் ஆபீசுக்குத் தண்ணி கேன் போடறான். அவன இன்னான்னு கூப்டற?”

“பதுருன்னு...”

“அப்பறம்? அரபு நாட்டுப் பக்கம் தடுக்கி வுழுந்தா அந்தப் பேருல ஒரு கப்பல் கீதே சார்.”

வாரம் இரண்டு தடவை என் மேசைக்கு இரண்டடி தள்ளித் தண்ணீர்க் கேனை இறக்கிவைத்துவிட்டுப் போகிறவரின் பெயர் அது. நான் தேநீரை அப்படியே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

‘பி’யில் தொடங்கி நான்கே எழுத்துகள். திரை நிறைந்து வழிந்தது. முன்னால் ஓர் அடைமொழியோடு, பின்னால் ஓர் எண்ணோடு, நடுவில் ஓர் உயிரெழுத்துக் கூடியும் குறைந்தும், பக்கம் பக்கமாக நிலவுகள். எத்தனை மாலுமிகள், எத்தனை முதலாளிகள் அந்த ஒரு பெயரை நம்பிக் கடலில் இறங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது, முதல்நாள் வந்த பிரமிப்பு திரும்பவும் வந்தது. இம்முறை கூடவே பயமும் வந்தது. வளைகுடாவில் ஓடுபவை என்று குறுக்கினேன். சிமெண்ட் ஏற்றும் கப்பல் என்று பிலோமினா, நான் கேட்காமலேயே, சொல்லியிருந்தார். மேலும் குறுக்கினேன். ஒன்று மிஞ்சியது. ஒரு துறைமுகத்துக்கு வெளியே, பல மாதங்களாக ஒரே இடத்தில், அசையாத ஒரு புள்ளி.

செய்திகளுக்கான தரவுத்தளத்தில் அந்தப் பெயரைப் போட்டேன். மூன்று வரிச் செய்தி ஒன்று. முதலாளி கைவிட்ட சரக்குக் கப்பல், அதில் பதினோரு மாலுமிகள், குடிநீர் தட்டுப்பாடு. தேதியைப் பார்த்தேன். பிலோமினா என் முன்னால் நின்ற நாளுக்கு ஒன்பது நாள் முந்தைய தேதி. அவர் “நல்லா பாரு சார்” என்று சொன்னபோது அந்தச் செய்தி அங்கேயே இருந்திருக்கிறது.

அவரிடம் சொல்லலாம் என்றால் முகவரி இல்லை. நம் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தேன். தேதி இருந்தது, கேள்வி இருந்தது, விடை இருந்தது, எடுத்துக்கொண்ட நேரமும் இருந்தது. கேட்டவர் யார் என்று எழுத நான் இடமே வைக்கவில்லை.

மறுநாள் காலை காசிமேட்டுக்குப் போனேன். இறால் உரிக்கும் கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களிடம், பிலோமினா என்று ஒருவரைப் பார்க்கவேண்டும் என்றேன். கை நிற்காமல் ஒரு பெண் கேட்டார்.

“எந்த பிலோமினா? ஐஸ் கம்பெனி பிலோமினாவா, நண்டு பிலோமினாவா, புருசன் கப்பலுக்குப் போனாரே, அந்த பிலோமினாவா?”

“கப்பல்.”

“வந்துட்டாரா, வரலியா?”

“வரலை.”

“பொண்ணு கீதா, பையனா?”

பள்ளிக்கூட நோட்டு நினைவுக்கு வந்தது. “பொண்ணு.”

“அப்போ நாலாவது சந்து, மாதா படம் ஒட்டுன கதவு. இன்னாத்துக்குத் தேடற? நீதான் அந்த ஏஜெண்டா? சொல்லிடு, செருப்பு ரெடியா கீது.”

மூன்று கேள்விகள், ஒரு கதவு. அந்தப் பெண் இறால் ஓட்டை உரித்துக்கொண்டே செய்துமுடித்தது நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யவேண்டிய வேலை. கேட்டு வந்தவரிடமே திரும்பக் கேட்பது. லூர்து எங்கிருந்து கடைசியாகப் பேசினார், கப்பலில் யார் எந்த ஊர்க்காரர்கள், பெயரைச் சொன்னபோது எப்படி உச்சரித்தார் என்று நான் பிலோமினாவிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

கதவைத் திறந்தவர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

“இன்னா சார்?”

“அந்தக் கப்பல் இருக்கும்மா. நான்தான் தப்பாத் தேடினேன். எழுதிக் கொடுத்தது தப்பு.”

அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதையும், தேநீர்க் கதையையும். எதை விடுவது என்று தெரியாததால் எதையும் விடவில்லை. முடித்ததும் அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“உன் பேப்பர அந்த ஏஜெண்டுகிட்ட காட்டுனேன் சார். அவன் சிரிச்சான். பெரிய ஆபீசே எழுதிக் குட்த்துகிது, உன் வூட்டுக்காரன் எவளோடயோ செட்டில் ஆய்ட்டான், போய் வேலையப் பாருன்னான். ஒரு மாசம் கழிச்சு போன் வந்துச்சு. ஏதோ வெளிநாட்டு நம்பரு. எடுத்தா அந்த மனுசன் கொரலு. ‘பிலோ’ன்னுச்சு. நான் கட் பண்ட்டேன்.”

பிலோமினா வாசற்படியை நகத்தால் சுரண்டிக்கொண்டே தொடர்ந்தார்.

“அப்பால நாலு தபா அடிச்சுது. எடுக்கல. ஆப்டலன்னு எழுதிக் குட்த்திருந்தா, நான் இன்னும் நாலு எடத்துல தேடிருப்பேன் சார். நீ இல்லன்னு எழுதிட்ட.”

அகப்படவில்லை. இல்லை. நாற்பது ஆண்டு படிப்பிலும் வேலையிலும் இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே இருக்கும் தூரத்தை எனக்கு யாரும் இப்படிக் காட்டியதில்லை. தேடுகிறவன் சொல்லக்கூடியது முதல் சொல்லை மட்டும்தான். இரண்டாவதைச் சொல்ல அவனுக்கு உரிமை கிடையாது. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டால், நான் எழுதிய மற்றதெல்லாம் மறந்துபோனாலும் பரவாயில்லை.

“அந்த நம்பர் இருக்காம்மா?”

அவர் உள்ளே போய்க் கைபேசியை எடுத்துவந்தார். எண்ணை மகள் பதிந்து வைத்திருந்தாள். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘எடுக்காத’ என்று இருந்தது.

என் கைபேசியிலிருந்து அழைத்தேன். இரண்டு முறை மணி அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை யாரோ ஒருவர் புரியாத மொழியில் பேசினார். ஆங்கிலத்தில் லூர்துவைக் கேட்டேன். கப்பலின் சமையல்காரராம், அது அவருடைய தொலைபேசியாம், கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். இரும்புத் தட்டில் யாரோ காலை இழுத்து இழுத்து நடந்துவரும் சத்தம் கேட்டது. ஒலிபெருக்கியைப் போட்டு பிலோமினாவின் பக்கம் நீட்டினேன்.

“அல்லோ” என்றது ஒரு குரல். “யாரு?”

பிலோமினா அழவில்லை. தொண்டையை ஒருமுறை செருமிக்கொண்டார்.

“யோவ், கப்பல் பேரு இன்னாய்யா?”

“பிலோ? பிலோவா? ஏய், எப்டிடீ கீற? பாப்பா எப்டி கீது?”

“அதெல்லாம் அப்பால. கப்பல் பேர இங்கிலீஷ்ல எழுத்து எழுத்தா சொல்லு. இங்க படிச்சவரு ஒருத்தரு கீறாரு, அவருக்குப் புரியற மாதிரி சொல்லு.”

“பி” என்றது குரல். “ஏ. டி. ஆரு.”

எனக்கு ஏற்கெனவே தெரிந்த அந்த நான்கு எழுத்துகளையும் அவர் சொல்லச் சொல்ல என் கையாலேயே எழுதினேன். பிலோமினா அதை வாங்கிப் பார்த்து, சரி என்று தலையாட்டினார்.

ஏழு இலக்க எண்ணோடு சங்கத்தில் மனுக் கொடுத்தார்கள். லூர்து வந்துசேர மேலும் இரண்டு மாதம் ஆயிற்று. அலுவலகத்தில், நான் ஓர் ஏழைக் குடும்பத்துக்காகச் சொந்த முயற்சியில் கப்பலைக் கண்டுபிடித்ததாகப் பேசிக்கொண்டார்கள். அதற்கும் ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. நான் வாங்கிக்கொண்டேன். முத்திரை வைத்த அந்தத் தாளைப் பற்றி வாய் திறக்கவில்லை. உங்களில் யாராவது கோப்பில் அந்தக் கடிதத்தைப் பார்த்தால், இதையும் சேர்த்துப் படியுங்கள்.

லூர்து ஊருக்கு வந்த மூன்றாம் வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். கப்பலில் இரும்புக் கயிறு அறுத்த காயம் மருந்தில்லாமல் புரையோடி, இடது காலில் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டி வைத்திருந்தார். “ஆறு மாசம் முன்னாடி வந்துருந்தா மாத்திரையிலயே போயிருக்கும்னு டாக்டர் சொல்றாரு சார்” என்று அவர் சிரித்தபடி சொன்னதைக் கேட்டதும் எனக்குப் புரிந்தது, பிலோமினா அவரிடம் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பிலோமினா வேலைக்குப் போயிருந்தார். நானே சொன்னேன். அவர் மனைவி வந்து கேட்டது, நான் சிரித்தது, கப்பலே இல்லை என்று எழுதிக் கொடுத்தது, அதைப் பிலோமினா நம்பியது.

லூர்துவின் சிரிப்பு நின்றுவிட்டது. அவிழ்ந்திருந்த கட்டின் நுனியை உள்ளே செருகிக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

“அப்போ,” என்றார், “என் கொரலக் கேட்டதும் அவ போன வச்சது அதுனாலதானா சார்? வேற ஒண்ணும் இல்லியே?”

“அதனாலதான். வேற ஒண்ணும் இல்லை.”

அவர் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“அப்பாடா” என்றார்.